பதினொரு வினாடி

மார்ச்சில் எங்கள் கடல்
காட் மீனாகக் கொட்டும்.
உடல்கள் காயப்போகும், தலைகள் குவியும்,
நாக்கு மட்டும் எங்களுக்கு.
லோஃபோட்டன் தீவுகளில் பிள்ளைகளின் கைச்செலவு
மீனின் வாயிலிருந்துதான் வருகிறது.
பலகையில் நட்ட இரும்பு முள்ளில்
தலையைக் குத்தி ஒரு கீறல், ஒரு இழுப்பு.
கத்தி கூர் என்றால்
நாக்குக்கு இரண்டு வினாடி.

ஸ்டைனாருக்கு ‘மார்ச்’ என்று சொல்லப்
பதினொரு வினாடி.
கணக்கு துல்லியம்,
கிம்ரூனே அதைப் பதிவு செய்திருந்தான்.
வகுப்பின் முன்னால்
காகிதம் நடுங்க நின்றவனின்
ம... ம... ம...
மறுநாள் பன்னிரண்டு கைபேசிகளில்
அதுதான் அலாரம்.
பேருந்தில் ஒன்று தொடங்கும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும்,
கடைசி இருக்கை வரை
பட்டியில் அடைத்த ஆடுகள்போல.

பதின்மூன்றாவது கைபேசி என்னுடையது.
ஒலிக்கவிட்டதில்லை.
அழிக்கவும் இல்லை.

நரம்பில்லாத நாக்கு எப்படியும் வளையுமாம்.
அவனுடையது வளையவில்லை.
எங்களுடையது வளைந்தது,
தேவைக்கு மேலேயே.

சனிக்கிழமை மீன் கொட்டகையில்
அவன் பக்கத்து முள் காலியாக இருந்தது.
ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு நின்றேன்.
நாற்பது தலை வரை பேச்சில்லை.
“அழிச்சுட்டேன்” என்றேன்.
“எ... எப்போ?”
“நேத்து ராத்திரி.”
அவன் கணக்குப் போடுவது தெரிந்தது.
நவம்பர், டிசம்பர், ஜனவரி...
கத்தியைத் துடைத்தான். அடுத்த தலையை எடுத்தான்.

டீச்சரிடம் சொல்லலாம், நானும் வருகிறேன் என்றேன்.
சொல்லியாகிவிட்டதாம், இரண்டு முறை.
அதன் பலன்
கழிவறைக்கு எதிரே ஒட்டிய சுவரொட்டி:
சிரிக்கிற திமிங்கலம், கீழே ‘அன்பாக இரு’.
அதைப் பற்றிச் சொல்லும்போது
ஒரு இடத்தில்கூட அவனுக்குத் திக்கவில்லை.
எரிச்சலுக்குத் திக்காதுபோல.

மூன்றாவது முறைக்கு நான் சாட்சி என்றேன்.
பன்னிரண்டு பேரின் பெயர், தேதி,
பதின்மூன்றாவதாக என் பெயர்.
சரி என்றான்.
அப்புறம் வெகுநேரம் எடுத்து,
மீன் தண்ணீர் முழங்கை வரை வழிய,
தனக்கு வேண்டியதைச் சொன்னான்.
“எ... என் வார்த்தையை
நீ முடிக்காதே.
பஸ்ஸில் மூணாவது வரிசை.
ப... பக்கத்து சீட்.”
அவ்வளவுதான்.
நான் ஏதோ மலையைப் பெயர்க்கத் தயாராக வந்திருந்தேன்.

ஏழாவது வரிசையிலிருந்து மூன்றாவதுக்கு
நான்கு எட்டு.
முதல் எட்டில் கிம்ரூனே என்னவோ சொன்னான்.
இரண்டாவதில் சிரிப்பு.
மூன்றாவதில் என் காது கொதித்தது.
நான்காவதில்,
இதையா இவன் குளிர்காலம் முழுக்க
தினமும் இரண்டு வேளை,
என்று தோன்றியபோது உட்கார்ந்துவிட்டேன்.
பின்னால் அலாரம் அடித்தது.
“உன் அலாரம்தானே? இன்னும் எந்திரிக்கலையா நீ?”
என் குரல் கீச்சென்று வந்தது.
நான்காம் வகுப்புக் குட்டி ஒன்று களுக்கென்றது.

எதுவும் தீரவில்லை.
மறுநாள் என் பையில் ஒரு மீன் தலை,
கணக்குப் புத்தகமெல்லாம் நாற்றம்.
நாக்கு அறுக்காத தலை.
அறுத்து விற்றோம், பாதிப் பாதி.

விசாரணை நடக்கிறது, காகிதங்கள் போகின்றன.
பேருந்தும் போகிறது.
இன்று சுரங்கப் பாதைக்குள் நுழையும்போது
அவன் என் பக்கம் திரும்பினான்.
“ஜ...”
எனக்குத் தெரிந்துவிட்டது அந்த வார்த்தை.
நுனி நாக்கில் வந்து நின்றது.
“ஜ... ஜ...”
பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டேன்.
மஞ்சள் விளக்குகள் அவன் முகத்தில்
ஒவ்வொன்றாக ஏறி இறங்கின.
நான் எண்ணவில்லை.
சுரங்கம் முடிந்து, பனி, கடல்,
மீன் காயும் மரச்சட்டங்கள்.

“ஜன்னலை மூடு. குளிருது.”

மூடினேன்.